முப்பது நாளும் நான்கு மணி நேரமும்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று கேட்டால், பண்டைத் தமிழர் அளவுகோலை எடுத்துக் கொண்டு புறப்படுவதில்லை. கூப்பிடு தூரம் என்றனர். காத வழி என்றனர். ஒரு பகல் நடை என்றனர். நடப்பவனின் காலும், கூப்பிடுபவனின் குரலும், சாய்கின்ற பொழுதுமே அவர்களுக்கு அளவைகளாக இருந்தன. தொலைவை நேரத்தால் அளக்கும் இவ்வழக்கம் இன்றும் மறையவில்லை. சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் எவ்வளவு தொலைவு என்று வினவினால், 'நான்கு மணி நேரம்' என்றே பலரும் விடையளிப்பர். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர் என்று சொல்பவர் மிகச் சிலரே.

இந்த நான்கு மணி நேரத்திற்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. வங்கக் கடலின் மேலைக்கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே உள்ள தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால் அதனைக் கடக்க ஆன காலம் சுருங்கியும் நீண்டும் வந்துள்ளது. ஒரு காலத்தில் காற்றும், பிறகு கூலியும், பிறகு போரும், பிறகு சட்டமும் அக்காலத்தை முடிவு செய்தன. மலேசியத் தமிழரின் வரலாற்றை இவ்வழியின் வரலாறாகவே எழுதிவிடலாம் என்பது மிகையன்று.

காற்று வகுத்த வழி

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் அவற்றுள் ஒன்றாகக் குறிக்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா மாநிலமாகும். அப்பகுதியில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் கிடைத்த ஒரு கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. தன் கடற்பயணம் இனிது நிறைவேற வேண்டும் என்னும் வேட்கையே அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. கடல் கடப்பவனின் அச்சமும் நம்பிக்கையும் கல்லாகி நிற்கும் சான்று அது.

இவ்வழியின் பயண நேரத்தை முதன்முதலில் எண்ணிக் கூறும் தெளிவான சான்று ஒரு சீனத் துறவியின் நூலில் கிடைக்கிறது. இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குச் சென்ற துறவியர் பலரின் வரலாறுகளை எழுதி வைத்தார். அவர்களுள் ஒருவரான வூசிங், குளிர்காலத்தின் முடிவில் கெடாவிலிருந்து கப்பலேறி, மேற்கு நோக்கி 30 நாள் பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்தார் என்று அந்நூல் கூறுகிறது. நாகப்பட்டினத்துக்கும் கெடாக் கரைக்கும் இடையே ஏறத்தாழ 1,250 கடல் மைல் தொலைவு உண்டு. அவ்வாறாயின் அக்கப்பல் நாளொன்றுக்கு நாற்பது கடல் மைலுக்குச் சற்று மேல் சென்றிருக்கிறது. மணிக்கு இரண்டு கடல் மைல் கூட இல்லை. ஒரு மனிதன் நடக்கும் வேகத்தைக் காட்டிலும் அது சற்றே மெதுவானது.

வூசிங் குளிர்காலத்தின் முடிவைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வங்கக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அது கீழ்க்கரையிலிருந்து மேல்கரைக்குக் கலத்தைத் தள்ளும் காற்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றோ தமிழகத்திலிருந்து கிழக்கே செல்லும் கலங்களுக்கு உதவுவது. ஒரு காற்றில் சென்ற வணிகன் மறு காற்று வரும் வரை காத்திருந்தே திரும்ப வேண்டும். கடலில் கழிந்தது 30 நாளேயாயினும், போய்வர ஓராண்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆதலின் அவன் சென்ற கரையில் தங்க இடம் வேண்டியிருந்தது. வழிபட இடம் வேண்டியிருந்தது. பொருளைக் காத்து வைக்கப் பண்டசாலை வேண்டியிருந்தது. மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள், அவ்வாறு காத்திருந்தோரின் உலகத்தை நினைவூட்டுகின்றன. அதற்கு மேலே 1,217 மீட்டர் உயரம் எழுந்து நிற்கும் ஜெராய் மலை, நெடுநாள் கரை காணாது வந்த மாலுமிகளுக்கு முதலில் தென்பட்ட அடையாளமாக விளங்கியது.

சோழர் காலத்தில் இவ்வழி அரசர்களின் வழியும் ஆயிற்று. ஸ்ரீவிசய மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்று எழுந்தது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனைக் கட்டி முடித்தான். முதலாம் இராசராசன் அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். இச்செய்தியைத் தாங்கிய செப்பேடுகள் ஆலந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்றதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. நட்பைச் சுமந்த அதே வழி பகையையும் சுமந்தது. கி.பி. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை இவ்வழியே சென்று கடாரத்தை வென்றது. நல்ல காற்றுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை பேரரசனுக்கும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

வணிகர் துறைகள்

15ஆம் நூற்றாண்டில் மலாக்கா தலையெடுத்தபோது, சோழமண்டலக் கரையின் வணிகர் அந்நகரின் பெருஞ்செல்வர்களுள் இடம்பெற்றனர். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பிறகு அவ்வணிகம் திசை மாறியதே அன்றி நிற்கவில்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவினார். சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர் விரைவில் அங்கே நிலைகொண்டனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் எழுப்பிய நாகூர் தர்காக்கள், புறப்பட்ட துறையின் பெயரை வந்திறங்கிய துறையில் நிலைநிறுத்தின. கடலைக் கடந்தவன் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லிய இடங்களாக அவை விளங்கின. 1819இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் வசமான அதே ஆண்டில், பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் அங்கு வந்திறங்கினார் நாராயண பிள்ளை. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு அவர் பெயருடனேயே தொடங்கப் பெறுகிறது.

அக்காலம் வரை பாய்மரமே கடலை ஆண்டது. காற்று நின்றால் கலமும் நின்றது. பயண நாளை முன்கூட்டியே உறுதி சொல்ல எவராலும் இயலவில்லை.

நீராவியும் கூலியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல் வந்தது. காற்றின் ஆட்சி முடிந்தது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபோது, சோழநாட்டின் உள்ளூர்களும் துறைமுகத்தோடு இணைந்தன. மலாயாவில் கரும்பும் காப்பியும், பின்னர் ரப்பரும் ஆட்களைக் கேட்டன. தமிழகத்தின் பஞ்சமும் சாதிக் கொடுமையும் ஆட்களை வெளியே தள்ளின. இரண்டுக்கும் இடையே கப்பல் நின்றது.

தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகளின் வழியாகவும் தமிழர் வந்தனர். ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழர் குடிநுழைவு நிதி ஒன்று உருவாக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளிடமிருந்து தண்டிய பணத்தில் தொழிலாளியின் கப்பல் கட்டணம் செலுத்தப் பெற்றது. சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்கள் திரட்டப்பட்டனர். நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணைய ஆழமில்லை. படகில் ஏறி, அலையில் ஆடி, கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலை அடைய வேண்டும். வயலைத் தவிர வேறொன்றும் காணாத குடியானவனுக்குக் கடலோடு ஏற்பட்ட முதல் அறிமுகம் அந்தப் படகிலேயே நிகழ்ந்தது.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் சென்னை–நாகப்பட்டினம்–சிங்கப்பூர் வழிக்கென்றே 1926இல் இரண்டு கப்பல்களைக் கட்டியது. ஒன்று ரோனா, மற்றொன்று ரஜூலா. ரஜூலாவில் தளப் பயணிகள் மட்டுமே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் செல்ல இடமளிக்கப்பட்டிருந்தது. ஒரு சிற்றூரே கடலில் மிதந்து சென்றது போன்றதாகும் அது. தளப் பயணிக்கு அறை இல்லை; கட்டில் இல்லை. பாயை விரித்த இடமே வீடு. தகரப் பெட்டியே சுவர். மணிக்கு ஏறத்தாழ பன்னிரண்டரைக் கடல் மைல் வேகத்தில் சென்ற அக்கப்பல், நாளொன்றுக்கு 300 கடல் மைல் கடந்தது. வூசிங் 30 நாளில் கடந்த வழியை அது நான்கு நாளும் சில மணி நேரமும் கொண்டு கடந்தது. பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஆகிய இடங்களில் நின்று சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரமாகும். கப்பல் கரை சேர்ந்தாலும் பயணம் முடிந்துவிடவில்லை. பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவு முதலிய இடங்களில் இருந்த நோய்த் தடுப்பு முகாம்களில் தங்கிய பின்னரே தோட்டத்துக்குச் செல்ல இயன்றது.

ஆயினும் தொழிலாளிக்குத் தொலைவு என்பது நாள் கணக்கு அன்று, காசுக் கணக்கு. 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக நிறுவப்பட்டிருந்தன. வரும்போது கட்டணம் நிதியிலிருந்து செலுத்தப் பெற்றது. விரும்பியபோது ஊர் போய்வரும் கட்டணத்தை அந்தக் கூலியிலிருந்தே மிச்சம் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாது. வெட்டாத நாளில் கூலி இல்லை. தாய் இறந்த செய்தி கடிதமாக வந்து சேரும்போது, அங்கே ஈமக் கடன்கள் முடிந்து பல நாள்கள் ஆகியிருக்கும். நான்கு நாள் வழி பலருக்கு வாழ்நாள் முழுவதும் திரும்ப இயலாத வழியாகவே இருந்துவிட்டது.

அக்கப்பல்கள் உடலுழைப்பை மட்டும் சுமந்து வரவில்லை. செய்தித்தாள்களும், நூல்களும், நாடகக் குழுக்களும், புதிய கருத்துகளும் அவற்றிலேயே வந்தன. 1929 டிசம்பரில் தந்தை பெரியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினார். அவர் வருகை மலாயாத் தமிழரிடையே சீர்திருத்த இயக்கத்திற்கு ஊக்கமளித்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்த பாடநூல்களுள் பலவும் இதே வழியே கடல் கடந்தவைதாம்.

வழி அடைபட்ட காலங்கள்

பயண நேரம் குறைந்துகொண்டே வந்தது என்று மட்டும் சொன்னால் வரலாறு பாதியே சொன்னதாகும். கப்பலின் வேகம் குறையாதிருந்த காலத்திலேயே இரு கரைகளும் ஒன்றையொன்று விட்டு விலகியதுண்டு.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. ஆள் தேடி அழைத்து வந்த அதே அமைப்பு, அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தொழிலாளரைக் கட்டணமின்றித் திருப்பி அனுப்பியது. வரும்போது நிரம்பி வந்த கப்பல்கள் போகும்போது நிரம்பிச் சென்றன. 1938இல் இந்திய அரசு, உதவிக் கட்டணத்தில் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது. கங்காணிக் காலம் அத்துடன் முடிவுற்றது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுக்காலம் இரு கரைகளுக்கும் இடையே பயணிக் கப்பல் இல்லை, கடிதம் இல்லை. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த தமிழரின் செய்தி தோட்டத்திலிருந்த அவர்தம் குடும்பத்தினருக்கே சரிவர எட்டவில்லை. கடலுக்கு அப்பால் இருந்த ஊராருக்கு எங்ஙனம் எட்டும்? நான்கு நாள் தொலைவு அப்போது எல்லையில்லாத் தொலைவாயிற்று. கப்பல்களும் போருக்குச் சென்றன. ரஜூலா படைவீரரைச் சுமந்து தப்பி மீண்டது. ரோனா மீளவில்லை. 1943 நவம்பர் 26இல் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய வானூர்தியின் குண்டுக்கு அது இரையாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர் அதனுடன் மாண்டனர். தமிழ்த் தொழிலாளருக்கெனக் கட்டிய கப்பல் நடுநிலக் கடலின் அடியில் கிடக்கிறது.

போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் ஓடின. ஆயின் குடிநுழைவுச் சட்டங்கள் இறுகின. கடவுச்சீட்டும் அனுமதிச் சீட்டும் இன்றிக் கரையேற இயலாத காலம் வந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாதவர் வேலை அனுமதி பெற்றே பணி செய்யலாம் என்று விதித்தது. சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் காலமெல்லாம் உழைத்தவர் பலர், அடுத்த ஆண்டுகளில் கப்பலேறினர். குடியுரிமை பெற்ற பிள்ளைகள் இங்கே நிற்க, பெறாத பெற்றோர் அங்கே சென்ற குடும்பங்கள் உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்த ஊர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டதா என்பதை எந்தக் கப்பல் ஏடும் குறித்து வைக்கவில்லை.

வானூர்தியின் வரவு

1954இல் ஏர் இந்தியா நிறுவனம் சூப்பர் கான்ஸ்டலேஷன் வானூர்திகளைக் கொண்டு சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. விசிறி சுழலும் அவ்வானூர்திகள் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தன. கப்பலின் ஒரு வார வழி சில மணி நேர வழியாயிற்று. எனினும் முதல் இருபது ஆண்டுகளில் வானில் பறந்தோர் அரசியலாரும், வணிகரும், அறிஞரும், கலைஞருமே ஆவர். தோட்டத் தொழிலாளி தொடர்ந்து கப்பலிலேயே சென்றான். ஒரே இரண்டு கரைகளுக்கு இடையே அக்காலத்தில் இரண்டு தொலைவுகள் இருந்தன எனலாம். ஒன்று பணமுடையோருக்கு, மற்றொன்று ஏனையோருக்கு.

1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. மலேசிய–சிங்கப்பூர் விமான நிறுவனம் 1972இல் இரண்டாகப் பிரிந்தது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனி விமான நிறுவனங்கள் அமைந்தன. மறு ஆண்டு, 1973இல், ரஜூலா இவ்வழியிலிருந்து விடைபெற்றது. 47 ஆண்டுகள் ஓடிய கப்பல் அது. 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றை வாங்கி, எம்.வி. சிதம்பரம் என்று பெயரிட்டு இவ்வழியில் ஓட்டியது. 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வரும்போது அக்கப்பலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். அதனோடு இவ்வழியின் நெடுநாள் பயணிக் கப்பல் போக்குவரத்து முற்றுப் பெற்றது.

1998இல் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. 2008இல் மலிவுக் கட்டண விமானம் கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிராப்பள்ளிக்குப் பறக்கத் தொடங்கியது. மலாயாத் தமிழர் பலரின் மூதாதையர் ஊர்கள் திருச்சி, தஞ்சை வட்டாரங்களைச் சேர்ந்தவை. முன்னோர் இரயிலேறி நாகைக்குச் சென்ற அதே திருச்சியில் பேரர் வானூர்தியிலிருந்து இறங்கினர். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நாள்தோறும் நேரடி விமானம் தொடங்கியது. அத்தொலைவு ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர்.

நான்கு மணி நேரத்தின் கணக்கு

விமான நேரத்தைக் கணக்கிடுவதில் மாணவர் தடுமாறுவதுண்டு. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. 2,630 கிலோமீட்டருக்கு மூன்றேகால் மணி நேரம் போதுமே என்று வகுத்துப் பார்ப்பவர் கேட்பர். ஓடுபாதைக்குச் செல்லவும், மேலேறவும், கீழிறங்கவும், பிற விமானங்களுக்கு வழிவிடவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் அது நான்கு மணியை எட்டும்.

கடிகாரம் மற்றொரு தடுமாற்றத்தைத் தரும். சென்னையில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்படும் விமானம், நான்கு மணி நேரம் பறந்து, கோலாலம்பூரில் காலை 6.30 மணிக்கு இறங்கும். திரும்பும்போது காலை 10 மணிக்குப் புறப்பட்டுச் சென்னையில் 11.30க்கு இறங்கும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைக் காட்டிலும் இரண்டரை மணி முந்தியிருப்பதே காரணம். இவ்வேறுபாடும் என்றும் ஒன்றாக இருந்ததன்று. 1981 முடியும் வரை தீபகற்ப மலேசியா கிரீனிச் நேரத்துக்கு ஏழரை மணி முந்தியிருந்தது. இந்தியாவோடு வேறுபாடு இரண்டு மணியே. 1982 சனவரி 1 முதல் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்துப்போகும் வகையில் அரைமணி கூட்டப்பட்டது. நிலம் அசையாமலே இரு நகரங்களின் கடிகாரங்கள் அரைமணி விலகின.

காற்றும் முற்றிலும் விடைபெற்றுவிடவில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் கடல்மட்டத்தில் காற்று கிழக்கு நோக்கி வீசும்போது, மிக உயரத்தில் அதற்கு எதிராக மேற்கு நோக்கிய கடுங்காற்று ஓடுகிறது. சென்னை நோக்கிப் பறக்கும் விமானத்தை அது சற்று முன்தள்ளும். வூசிங்கை மாதக்கணக்கில் காக்க வைத்த காற்று, இன்று சில நிமிடங்களை மட்டும் கூட்டியும் குறைத்தும் விளையாடுகிறது.

எஞ்சியுள்ள தொலைவு

முப்பது நாள் என்பது 720 மணி நேரம். அது நான்கு மணியாகச் சுருங்கியது என்றால், 180இல் ஒரு பங்காகிவிட்டது. மனித அறிவின் பெருவெற்றி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கு மணியில் சென்றுவிடக் கூடிய தலைமுறை, எந்த ஊருக்குச் செல்வது என்று அறியாது நிற்கிறது. பாட்டனார் எந்த வட்டத்தில், எந்தச் சிற்றூரில் பிறந்தார், எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் வந்தார் என்ற செய்திகள் பெரும்பாலான குடும்பங்களில் மறைந்துவிட்டன. 2005க்குப் பின் வழக்கிற்கு வந்த வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிப்போர், முன்னோரின் இந்தியத் தோற்றத்தை ஆவணத்தால் நிறுவ வேண்டியவராகின்றனர். பழைய கடவுச்சீட்டையோ குடிநுழைவுத் தாளையோ பேணி வைக்காத குடும்பங்களுக்கு அது எளிதன்று. பழந்தாள் என்று எரித்தது எத்தகைய செல்வம் என்பது அப்போதுதான் புலனாகிறது.

நாகப்பட்டினத்துப் படகில் ஏறியவர் இன்று உயிரோடு இருத்தல் அரிது. ரஜூலாவிலும் சிதம்பரத்திலும் பயணம் செய்தவர் இன்னும் பலர் உள்ளனர்; அவர்களும் முதுமையின் கரையில் நிற்கின்றனர். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் ஊர்ப் பெயர், கப்பலின் பெயர், இறங்கிய துறை, சேர்ந்த தோட்டம் ஆகிய நான்கையும் கேட்டு எழுதி வருமாறு செய்தல் வேண்டும். அவற்றைத் தொகுத்துப் பள்ளி மலரில் அச்சிடுதல் வேண்டும். பெட்டியடியில் கிடக்கும் தாள்களைப் படியெடுத்துக் காத்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் ஏடும், ஓர் எழுதுகோலும், பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆளிருக்கும், சொல்வதற்கு ஆளிராது.